மஸ்கெலியாப் பக்கத் தோட்டத்துக்கு வரக்கூடிய, தமிழ் பேசும் மருத்துவர் யாராவது?

வணக்கம், கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து எழுதுகிறேன். நாங்கள் ஆறு பேர் மாதம் ஒரு தடவை மலையகத்தில் மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறோம். கோட்டை ஸ்டேஷனில் ரயில் ஏறி ஹட்டனில் இறங்கி, பஸ் பிடித்து, கடைசித் துண்டு நடைதான். 1867இல் தேயிலை பெருந்தோட்டப் பயிரான நாடு இது. லயத்துப் (தொழிலாளர் வரிசை வீட்டுப்) பிள்ளைக்குக் கண் சோதிக்க அம்மா இன்னும் ஒரு நாள் சம்பளத்தை விட்டு டவுனுக்கு இறங்க வேண்டியிருக்கிறது.

போன தடவை கொழுந்து பறிக்கும் ஓர் அக்கா இரும்புச்சத்து மாத்திரையைப் பிளேன்டீயோடு விழுங்கினார். தேநீர் அந்தச் சத்தை உடம்பில் சரியாகச் சேரவிடாது. ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். மாத்திரை கொடுத்த இடத்தில் யாரும் இதைத் தமிழில் சொல்லவே இல்லையாம். எனக்கு மனசு ஆறவில்லை.

தமிழ் பேசும் பெண் மருத்துவரோ தாதியோ அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை வர முடியுமா? பயணம், சாப்பாடு எங்கள் பொறுப்பு. அடக்க விலைக்கு மூக்குக்கண்ணாடி செய்துதரும் கடை தெரிந்தாலும் சொல்லுங்கள். அப்புறம், சாதாரண தரப் (O/L) பரீட்சைக்குக் கணிதம் சொல்லித்தர ஒருவர் வேண்டும், வாரம் ஒரு மணி நேரம் சூமில் போதும். சிக்னல் கிடைக்கும் ஒரு வீட்டைப் பிள்ளைகளே கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள்.

பழைய உடுப்பு இப்போதைக்கு வேண்டாம், நிறையச் சேர்ந்துவிட்டது. வர முடிந்தவர்கள் இன்பாக்ஸில் எழுதுங்கள்.