முன்யேகா: மணிக்கட்டா, பொம்மையா? அவசரம்

தேன்சிட்டு: ஸ்பானிஷ் தெரிந்தவர்கள் கொஞ்சம் உடனே சொல்லுங்கள். அகராதியில் 'முன்யேகா'வுக்கு மணிக்கட்டு என்றும் இருக்கிறது, பொம்மை என்றும் இருக்கிறது. கதையில் லூசியாவின் முன்யேகா உடைந்துவிட்டதாம். எதைப் போடுவது? நாளைக் காலை மொழிபெயர்ப்பைக் கொடுத்தாக வேண்டும்.

கடலோடி: முழு வாக்கியத்தைப் போடுங்கள், அடுத்த வரியும் வேண்டும். இரண்டுமே அன்றாடம் புழங்கும் பொருள்தான், வெறும் சொல்லை வைத்து எப்படிச் சொல்வது?

வெண்பாப்பிரியை: எந்த நாட்டுக் கதை? அர்ஜென்டினா, பெரு, பொலிவியா பக்கம் ஒருவருக்கு 'முன்யேகா இருக்கிறது' என்றால் எந்த நிலைமையையும் பக்குவமாகச் சமாளிக்கத் தெரிந்தவர் என்று அர்த்தம். இங்கேயும் அந்தச் சாமர்த்தியம் போய்விட்டது என்றுதான் எனக்குப் படுகிறது.

தேன்சிட்டு: "ஆ லூசியா சே லே ரொம்பியோ லா முன்யேகா." நகல் எடுத்த தாள், எந்த நாடு என்று இல்லை.

பழைய வாத்தியார்: இது முதல் மாதப் பாடம். ஸ்பானிஷில் உடலுறுப்புக்கு முன்னால் 'அவளுடைய' போடுவதில்லை, ஆங்கில 'the' போன்ற வெறும் 'லா'தான். இங்கே 'லா' இருக்கிறது, ஆகவே மணிக்கட்டு. இலக்கணத்தை ஒழுங்காகப் படித்துவிட்டு மொழிபெயர்க்க உட்காருங்கள்.

கடலோடி: ஐயா, அது போதாது. 'சே லே' வந்துவிட்டால் பொருள்களுக்கும் அப்படித்தான். கைக்கடிகாரம் பழுதானாலும் 'சே லே ரொம்பியோ எல் ரெலோஹ்' என்பார்கள், யாருடையது என்பதை 'லே'யே சொல்லிவிடும். 'ஆ', 'லே' இல்லாமல் "லூசியா சே ரொம்பியோ லா முன்யேகா" என்றிருந்தால் மணிக்கட்டு என்று நானும் சொல்லியிருப்பேன். இந்த வாக்கியம் இரண்டு பக்கமும் போகும். அடுத்த வரியில் 'எஸ்கயோலா' அல்லது 'யேசோ' வருகிறதா பாருங்கள், இரண்டும் மாவுக்கட்டு. முன்னது ஸ்பெயினில், பின்னது லத்தீன் அமெரிக்காவில்.

ஞகரப்பித்தன்: எல்லோரும் ஏன் 'முன்யேகா' என்றே எழுதுகிறீர்கள்? நெளிகோடு போட்ட அந்த 'n' எழுத்து (ñ) நம்முடைய ஞகரமேதான். 'முஞேக்கா' என்று எழுதுங்கள். ககரத்துக்கும் ஒற்று வேண்டும், இல்லாவிட்டால் நம் வாயில் மெலிந்துவிடும்.

பழைய வாத்தியார்: 'ஞே' தமிழில் வரவே வராது. 'ன்ய' போதும்.

ஞகரப்பித்தன்: தமிழ்ச் சொற்களில் அரிது, சரி. பிறமொழிப் பெயரை எழுத இருக்கிற எழுத்தை ஏன் விட வேண்டும்? ஸ்பானிஷில் அது தனி எழுத்து. 1994இல் 'ச்ச', 'ய்ய' ஒலிகளுக்கான இரட்டை எழுத்துகளை (ch, ll) அகரவரிசையில் தனி இடத்திலிருந்து எடுத்தபோதும் இதைத் தொடவில்லை. நாம் அதை உடைத்து எழுதுவது சரியில்லை.

வெண்பாப்பிரியை: 'ரொம்பியோ' மட்டும் சரியா? ம்ப என்று எழுதினால் அங்கே பகரமும் மெலிகிறதே.

ஞகரப்பித்தன்: 'ரொம்ப்பியோ' என்று எழுதலாம்.

பழைய வாத்தியார்: மூன்று மெய் அடுத்தடுத்து. இதற்கு 'ன்ய' எவ்வளவோ மேல்.

தேன்சிட்டு: அடுத்த வரியில் பாட்டி அதைச் சிவப்பு நூலால் தைக்கிறாள். பொம்மைதான். நன்றி.

கடலோடி: அப்படியானால் 'உடைந்தது' வேண்டாம், துணிப்பொம்மை, 'கிழிந்துவிட்டது' என்று போடுங்கள். 'ரொம்பியோ' என்ற வினைச்சொல் இரண்டுக்கும் வரும்.