'கேரியர்' என்பதற்குத் தமிழில் என்ன எழுதுவது?

மும்பை தாராவியில் வசிக்கிறேன். எங்கள் பகுதியில் கருவுற்ற தமிழ்ப் பெண்களுக்காகத் தலசீமியா (பெற்றோரிடமிருந்து மரபுவழி வரும் இரத்த நோய்) பற்றி ஒரு துண்டறிக்கை எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டேன். நான்கு நாட்களாக ஒரே சொல்லில் சிக்கி நிற்கிறேன்: கேரியர். அதாவது, அந்த நோய்க்கான பழுதான மரபணு ஒன்றைச் சுமந்தாலும் தான் நலமாக இருப்பவர்.

அப்படியே எழுதிப் பக்கத்து வீட்டு அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். "எத்தனை அடுக்கு?" என்று கேட்டார்! 'கடத்தி' என்றால் பள்ளியில் படித்த செம்புக் கம்பி. போதாக்குறைக்குக் கடத்தல்காரர் வாடை. 'நோய் தாங்கி' என்றால் நலமாக இருப்பவரை நோயாளி ஆக்கிவிடுகிறது. டைபாய்டு கிருமியைச் சுமந்து பரப்புபவரையும் கேரியர் என்பதால், இதுவும் தொற்றிவிடுமோ என்ற பயம் வேறு.

பொருளில் எனக்குக் குழப்பமில்லை. இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் என்ற புரதத்தின் ஒரு பகுதியான பீட்டா சங்கிலிக்கான மரபணு 11ஆம் குரோமோசோமில் இருக்கிறது. தாய் வழியில் ஒன்று, தந்தை வழியில் ஒன்று. இரண்டில் ஒன்று மட்டும் பழுதானால் அவர் கேரியர். பெரும்பாலும் லேசான இரத்தசோகை, அவ்வளவுதான். கணவன் மனைவி இருவருமே அப்படி இருந்தால், ஒவ்வொரு கருவுக்கும் கடும் தலசீமியா வர 25 சதவீத வாய்ப்பு. இந்த 'ஒவ்வொரு' முக்கியம். முதல் பிள்ளைக்கு வந்துவிட்டால் அடுத்த மூன்றும் தப்பிவிடும் என்பது தவறான கணக்கு.

'மரபணு ஏந்தி' எனலாமா? மரபணு எல்லோரிடமும்தானே இருக்கிறது! இங்கே செவிலியர், மருத்துவர், ஆசிரியர் யாராவது இருந்தால் சொல்லுங்கள்: நேரில் எந்தச் சொல்லால் புரியவைக்கிறீர்கள்? ஞாயிற்றுக்கிழமை அச்சுக்குப் போகிறது.