புதுப்பிப்பு: பில் மெயில்கள் ஸ்பாமுக்குப் போன காரணம்

எங்கள் கடை டொமைனிலிருந்து அனுப்பும் பில் மெயில்கள் பாதிக்குப் பாதி ஸ்பாம் பெட்டியில் விழுகின்றன என்று போன மாதம் புலம்பியிருந்தேன். காரணம் கிடைத்துவிட்டது. தப்பு என்னுடையதுதான்.

டிஎன்எஸ்ஸில் (டொமைனின் விவரங்களை இணையத்துக்குச் சொல்லும் பதிவேடு) எஸ்பிஎஃப் பதிவு, அதாவது எங்கள் பெயரில் எந்தெந்த சர்வர்கள் மெயில் அனுப்பலாம் என்று சொல்லும் வரி, இரண்டு இருந்தன. பழையது எங்கள் மெயில் சர்வருக்கு. தீபாவளி ஆஃபர் அனுப்ப ஒரு சேவையைச் சேர்த்தபோது, அவர்கள் கொடுத்த வரியை அப்படியே தனிப் பதிவாகப் போட்டுவிட்டேன். ஒரு டொமைனுக்கு எஸ்பிஎஃப் பதிவு ஒன்றுதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் பெறும் சர்வர் இரண்டையுமே மதிக்காது, நிரந்தரப் பிழை என்று முடித்துவிடும். இப்போது இரண்டையும் ஒரே வரியாக இணைத்தாயிற்று. (அந்த வரி கேட்கும் டிஎன்எஸ் தேடல்கள் 10ஐத் தாண்டினாலும் இதே கதிதான், எண்ணிப் பாருங்கள்.) மெயில் எங்கள் டொமைனுடையதுதான், வழியில் மாறவில்லை என்று காட்டும் டிகிம் கையெழுத்தும் போட்டேன். இந்தச் சோதனைகளில் தேறாத மெயிலை என்ன செய்வது என்று பெறும் சர்வருக்குச் சொல்லும் டிமார்க் இப்போதைக்கு அறிக்கை மட்டும் வாங்கும் நிலையில் இருக்கிறது, நிராகரிப்புக்கு அவசரப்படவில்லை.

அப்புறம், உள்ளே வரும் மெயில்கள். ஸ்பாமைத் தடுக்க கிரேலிஸ்டிங் வைத்திருந்தேன்: தெரியாத சர்வர் வந்தால் 451 என்ற தற்காலிகப் பிழை எண்ணைச் சொல்லி 'பிறகு வா' என்று அனுப்பிவிடும். ஸ்பாம் அனுப்புகிறவர்கள் பலர் திரும்ப வருவதில்லை, அதுவரை சரி. ஆனால் பெரிய சேவைகள் மறுமுறை வேறு ஐபியிலிருந்து வரும். மறுபடியும் புது ஆள் கணக்குதான். ஓடிபி வந்து சேர்வதற்குள் காலாவதி. அதனால் கிரேலிஸ்டிங்கை எடுத்துவிட்டேன். ஸ்பாம் கொஞ்சம் கூடியிருக்கிறது. எதையும் அழிக்காமல் தனிப் பெட்டியில் போட்டு, காலையில் டீயோடு ஒரு பார்வை பார்த்துவிடுகிறேன்.