புது வடிவ எஸ்யூவி: "விலை பெரிதாக ஏறவில்லை" என்கிறார்கள், டீலர் தாளில் மட்டும் ஏன் இத்தனை ஆயிரம்?

ப்ளேனோவாசி எழுதியது:

வணக்கம். டாலஸ் பக்கத்தில் ப்ளேனோவில் இருக்கிறோம். பத்து வருடமாக ஓட்டும் 2015 செவ்ரோலே டாஹோ எஸ்யூவியை மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது. பிள்ளைகள் மூன்று பேர், வருடத்தில் ஐந்தாறு மாதம் அம்மாவும் அப்பாவும் மதுரையிலிருந்து வந்து இருப்பார்கள், ஆக ஏழு பேரும் ஒரே வண்டியில் போகவேண்டும். அப்பாவுக்கு முழங்கால் வலி. இப்போதுள்ள வண்டியில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தால் முட்டி மார்பில் இடிக்கிறது, ஹூஸ்டன் போய்த் திரும்பினால் இரண்டு நாள் படுத்துவிடுகிறார்.

போன வாரம், இந்த வருடம்தான் வடிவம் மாற்றி வந்திருக்கும் ஒரு முழு அளவு எஸ்யூவியைப் பார்க்கப் போனேன். எந்த கம்பெனி என்று சொல்லவில்லை, டீலர் பேரும் வேண்டாம். விளம்பரத்தில் விலை பெரிதாக ஏறவில்லை, 61 ஆயிரம் டாலரிலிருந்து என்று போட்டிருந்தது. டீலர் வண்டிகளை நிறுத்தி வைத்திருக்கும் லாட்டில் அந்த விலையில் ஒரு வண்டிகூட இல்லை. எனக்குக் காட்டியதன் கண்ணாடி ஸ்டிக்கரில் 78,400. சரி, வசதிகள் இருக்கின்றன என்று மனதைத் தேற்றிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தால், அவர்கள் நீட்டிய தாளில் "பாதுகாப்பு பேக்கேஜ்" 1,995, "சந்தை நிலவரம்" 3,000 என்று இரண்டு வரி கூடுதலாக இருந்தது. மொத்தம் 83,395. அதன்மேல் டெக்சாஸ் வரி 6.25 சதவீதம், கிட்டத்தட்ட 5,212. ஆகக்கூடி 88 ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. பாதுகாப்பு பேக்கேஜ் என்றால் என்ன என்று கேட்டதற்கு, டயரில் நைட்ரஜன் அடைத்து, கதவு விளிம்பில் பிளாஸ்டிக் பட்டை ஒட்டியிருக்கிறோம் என்றார்கள்.

என் கேள்வி இதுதான். வடிவம் மாற்றும் வருடத்தில் கம்பெனிகள் விலையை எப்படி முடிவு செய்கின்றன? 61 ஆயிரம் என்பது வெறும் விளம்பரத்துக்கா? முதல் வருடமே வாங்கலாமா, ஒரு வருடம் பொறுப்பது நல்லதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், வீட்டில் தினமும் இதே பேச்சாக இருக்கிறது.

மிச்சிகன்காரன் எழுதியது:

ப்ளேனோவாசி, பதினோரு வருடம் ஒரு வாகனக் கம்பெனியின் விலைப் பிரிவில் இருந்தவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

வண்டி செய்ய இவ்வளவு ஆயிற்று, அதன்மேல் லாபம் இவ்வளவு என்று கூட்டி விலை வைப்பதாகத்தான் வெளியில் நினைக்கிறார்கள். நடப்பது தலைகீழ். பழைய வடிவத்தை வைத்திருப்பவர் மாதாமாதம் எவ்வளவு கட்டுகிறார், பக்கத்துக் கடைக்காரன் அதே அளவு வண்டியை எவ்வளவுக்குக் கொடுக்கிறான், இந்த இரண்டையும் முதலில் எழுதி வைத்துக்கொண்டு, அந்த விலைக்குள் எந்த வசதியைக் கொடுப்பது, எதை மேல் ட்ரிம்மில் ஒளித்து வைப்பது என்றுதான் பேச்சு ஓடும். ட்ரிம் என்றால் ஒரே வண்டியை வசதி கூட்டிக் குறைத்து விற்கும் படிகள். கீழ் ட்ரிம்மின் விலை செய்தியில் வருவதற்காக. நீங்கள் உண்மையில் வாங்கப்போகும் விலை நடு ட்ரிம்மில் இருக்கிறது.

2021 டாஹோவை எடுத்துக்கொள்ளுங்கள், நான் பார்த்ததில் மிகச் சுத்தமாகச் செய்யப்பட்ட விலை அது. எல்எஸ் என்ற அடி ட்ரிம், டெஸ்டினேஷன் சார்ஜ் (ஆலையிலிருந்து டீலரிடம் கொண்டு சேர்க்கும் கட்டணம்) 1,295 உட்பட 50,295 டாலர், பழைய வடிவத்தின் கடைசி வருட விலையை ஒட்டியே. ஆனால் வண்டி முழுக்க மாறியிருந்தது. பின்னால் இருந்த ஒற்றை அச்சு போய் ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனி சஸ்பென்ஷன் வந்தது, அதனால் தரையைத் தாழ்த்த முடிந்தது, மூன்றாவது வரிசையில் கால் வைக்கும் இடம் 24.8 அங்குலத்திலிருந்து 34.9 ஆனது. உங்கள் அப்பாவுக்கு வேண்டியது அந்தப் பத்து அங்குலம்தான். இவ்வளவும் கொடுத்து அடி விலையை எப்படிப் பிடித்து வைத்தார்கள்? 5.3 லிட்டர், 6.2 லிட்டர் வி8 இரண்டும் ஏற்கெனவே இருந்த என்ஜின்கள், அடித்தளம் 2019 சில்வராடோ பிக்கப்போடு பங்கு போட்டது, செலவு பல லட்சம் வண்டிகளில் பரவிவிட்டது. விட்டதை மேலே பிடித்தார்கள். ஏர் சஸ்பென்ஷன், பெரிய என்ஜின், ஹை கன்ட்ரி ட்ரிம் என்று போனால் 70 ஆயிரம்.

இதற்கு நேர் எதிர் 2023 டொயோட்டா செக்கோயா. பழையது ஐம்பதாயிரத்தை ஒட்டி ஆரம்பித்தது, புதியது 58,300, அதுவும் டெஸ்டினேஷன் சார்ஜ் சேர்க்காமல். எல்லா ட்ரிம்மிலும் 437 குதிரைத்திறன் ஹைப்ரிட் என்ஜின், வேறு தேர்வே கிடையாது. பழைய 5.7 லிட்டர் வி8 கேலனுக்கு 15 மைல் கொடுத்த இடத்தில் இது இரு சக்கர இயக்கத்தில் 22 கொடுக்கிறது, அதற்குத்தான் அந்த விலை. ஆனால் பின் சஸ்பென்ஷன் தனி அமைப்பிலிருந்து ஒற்றை அச்சுக்குத் திரும்பியது, ஹைப்ரிட் பேட்டரி கீழே இருப்பதால் மூன்றாவது வரிசை தரையோடு மடிவதில்லை. ஒரே மாதிரி வண்டிகள்தான். ஒருவர் விலையைப் பிடித்து வைத்து இடத்தைக் கொடுத்தார், இன்னொருவர் விலையை ஏற்றி மைலேஜைக் கொடுத்தார். உங்கள் வீட்டுக்கு எது வேண்டும் என்பதை நீங்கள்தான் சொல்லவேண்டும்.

விலையை எட்டாத உயரத்தில் வைத்தவர்களும் உண்டு. 2022இல் ஜீப் வேகனீர் 57,995இல் தொடங்கியது, கிராண்ட் வேகனீர் 86,995. இரண்டு பெயர், இரண்டு விலை. 2026 மாடலுக்கு இரண்டையும் ஒரே பெயராக்கி கிராண்ட் வேகனீரே 62,145 என்று இறக்கிவிட்டார்கள். முதல் வருடம் வாங்கியவர் மனநிலையை யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு வழி, கீழ் ட்ரிம்மையே எடுத்துவிடுவது. 2025இல் நிஸ்ஸான் அர்மடா வடிவம் மாறியபோது எஸ் என்ற அடி ட்ரிம் காணாமல் போனது, எஸ்வியிலிருந்துதான் தொடக்கம். அதனால் "இலிருந்து" என்ற விலையை "இலிருந்து" விலையோடு ஒப்பிடவே கூடாது. பழைய வண்டியில் உங்களிடம் என்னென்ன வசதி இருக்கிறது என்று தாளில் எழுதுங்கள், புதியதில் அதே வசதிகள் எந்த ட்ரிம்மில் ஒன்றாகக் கிடைக்கின்றன என்று பாருங்கள், டெஸ்டினேஷன் சார்ஜை இரண்டு பக்கமும் சேர்த்துப் பாருங்கள். வித்தியாசம் அங்கே தெரியும்.

ப்ளேனோவாசி எழுதியது:

அண்ணா, ரொம்ப நன்றி, இவ்வளவு விவரமாக யாரும் சொன்னதில்லை. ஒரு சந்தேகம். டாஹோ செய்யும் ஆர்லிங்டன் ஆலை எங்கள் வீட்டிலிருந்து நாற்பது மைல்தான். அதற்கும் ஆயிரக்கணக்கில் டெஸ்டினேஷன் சார்ஜா? நானே போய் ஓட்டி வந்துவிடுவேனே.

மிச்சிகன்காரன் எழுதியது:

தம்பி, அது பெரும்பாலும் நாடு முழுக்க ஒரே தொகை. ஆலை வாசலில் இருப்பவருக்கும் நாட்டின் அடுத்த ஓரத்தில் இருப்பவருக்கும் செலவைச் சராசரி போட்டு வாங்குகிறார்கள், பேரம் பேச முடியாது. கண்ணாடியில் ஒட்டும் அந்த ஸ்டிக்கரே 1958ஆம் வருடச் சட்டத்தால் வந்தது, ஓக்லஹோமா செனட்டர் மைக் மன்றோனி கொண்டுவந்தது. அதற்கு முன் டீலர் சொல்வதுதான் விலை. இன்றைக்கும் சட்டம் கேட்பது கம்பெனி ஒட்டிய அந்த ஸ்டிக்கரைத்தான். பக்கத்தில் அதே மாதிரி எழுத்தில், அதே மாதிரி கட்டம் போட்டு இன்னொரு தாள் ஒட்டியிருக்கும், அது டீலர் தன் அச்சு இயந்திரத்தில் எடுத்தது. நைட்ரஜன் எல்லாம் அந்தத் தாளில்தான் இருக்கும். அடுத்த முறை போகும்போது இரண்டையும் போட்டோ எடுங்கள்.

சான் ஆன்டோனியோ செல்வி எழுதியது:

அந்த இரண்டாவது தாளில் நான் நேரடியாக மாட்டியிருக்கிறேன், அதனால் எழுதுகிறேன். 2022 கடைசியில் வாங்கினோம், வண்டி கிடைப்பதே அபூர்வம். நான்கு மாதம் காத்திருந்து, வண்டி வந்த அன்று போனால், ஒப்புக்கொண்ட விலைக்கு மேல் 5,000 என்று ஒரு வரி. பிள்ளைகள் இரண்டும் புது வண்டிக்குள் ஏறி உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தன. அந்த நேரத்தில் வேண்டாம் என்று சொல்ல எவ்வளவு கஷ்டமாக இருந்தது தெரியுமா? கையெழுத்துப் போட்டுவிட்டேன். இன்றைக்கும் மனது ஆறவில்லை.

அதிலிருந்து கற்றதைச் சொல்கிறேன். நேரில் போகும் முன்னால் நான்கைந்து டீலருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள், ஆஸ்டின், வேகோ, ஓக்லஹோமா சிட்டி வரைகூட. "வரி, டைட்டில் (உரிமைப் பத்திரம்), எல்லாக் கட்டணமும் சேர்த்து வாசலைத் தாண்டும் விலை என்ன, தாளில் அனுப்புங்கள்" என்று மட்டும் கேளுங்கள். மாதத் தவணை எவ்வளவு ஆகும் என்ற பேச்சையே எடுக்காதீர்கள். தவணை என்று ஆரம்பித்தால் 60 மாதத்தை 84 மாதமாக்கி எந்த விலையையும் சின்னதாகக் காட்டிவிடுவார்கள். பதில் அனுப்பாமல் "நேரில் வாருங்கள் பேசலாம்" என்பவரை விட்டுவிடுங்கள். அப்புறம், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள்.

வேன்பிரியன் எழுதியது:

ஏழு பேருக்கு மினிவேன் போதாதா? சியென்னாவிலும் ஒடிசியிலும் மூன்றாவது வரிசையில் பெரியவர்கள் தாராளமாக உட்காரலாம், படியேறும் சிரமமும் இல்லை, விலையும் குறைவு. அப்பாவுக்கு முழங்கால் வலி என்கிறீர்கள், உயரமான வண்டியில் ஏற்றி இறக்குவதையும் யோசியுங்கள்.

ப்ளேனோவாசி எழுதியது:

நியாயமான பேச்சு, வீட்டில் மனைவியும் இதையேதான் சொன்னாள். ஆனால் மாதம் ஒரு முறை தம்பியின் டிரெய்லரை இழுத்துக்கொண்டு போகிறேன், சரக்கோடு 6,000 பவுண்டு வரும். மினிவேன்கள் 3,500 பவுண்டை ஒட்டி நின்றுவிடுகின்றன. பக்கவாட்டில் படி வைத்துக் கொள்ளலாம் என்று இருக்கிறேன்.

வரிக்கணக்கு எழுதியது:

விலையோடு வரியையும் பாருங்கள், இங்கே யாரும் சொல்லவில்லை. டெக்சாஸில் பழைய வண்டியை அதே டீலரிடம் கொடுத்தால் வித்தியாசத் தொகைக்கு மட்டும்தான் 6.25 சதவீதம். 14 ஆயிரம் மதிப்புள்ள வண்டியைத் தனியாக வெளியில் விற்பதாக இருந்தால் குறைந்தது 875 டாலர் கூடுதலாகக் கிடைத்தால்தான் கட்டுப்படியாகும்.

2025 முதல் 2028 வரை, புது வண்டிக் கடனுக்குக் கட்டும் வட்டியில் வருடத்துக்கு 10,000 வரை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். ஆனால் வண்டியின் பாகங்களைக் கடைசியாகப் பொருத்தி முடித்த இடம் அமெரிக்காவாக இருக்கவேண்டும். ஆர்லிங்டன் டாஹோவுக்கும் சான் ஆன்டோனியோ செக்கோயாவுக்கும் உண்டு, ஜப்பானில் க்யூஷுவிலிருந்து வரும் அர்மடாவுக்கு இல்லை. கணவன் மனைவி சேர்ந்து 2 லட்சத்துக்கு மேல் சம்பாதித்தால் சலுகை தேய ஆரம்பிக்கும், 2.5 லட்சத்தில் முழுவதும் போய்விடும். இங்கே இரண்டு பேரும் ஐடியில் இருக்கும் வீடுகளில் பாதிப் பேருக்குக் கிடைக்காது, அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். சொந்தத் தொழிலுக்குப் பாதிக்கு மேல் பயன்படுத்தினால் 6,000 பவுண்டு எடை வகுப்பைத் தாண்டிய வண்டிக்கு வேறு தேய்மானச் சலுகை உண்டு. பள்ளிக்கூடத்துக்கும் கோயிலுக்கும் ஓட்டிவிட்டுத் தொழில் என்று எழுதுபவர்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

மிச்சிகன்காரன் எழுதியது:

ஒரு வருடம் பொறுக்கலாமா என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமல் விட்டுவிட்டேன். விலைக்காகப் பொறுப்பது சரி. முதல் சில மாதம் தள்ளுபடி இருக்காது, லாட்டில் வண்டி சேர ஆரம்பித்ததும் குறைந்த வட்டிக் கடன் வரும், "சந்தை நிலவரம்" வரி தானாக மறையும். ஆனால் கோளாறு எல்லாம் முதல் வருட வண்டியில்தான் இருக்கும், அடுத்த வருடம் தீர்ந்துவிடும் என்று நம்பிப் பொறுப்பதில் எனக்கு நம்பிக்கை குறைந்துவிட்டது. 2025 ஏப்ரலில் டாஹோ செய்யும் ஜிஎம் கம்பெனி 6.2 லிட்டர் வி8 என்ஜினுக்காகத் திரும்ப அழைத்தது அமெரிக்காவில் மட்டும் கிட்டத்தட்ட 6 லட்சம் வண்டிகள், 2021இலிருந்து 2024 மாடல் வரை. மூன்று வருடம் பொறுத்து வாங்கியவரும் அதில் இருந்தார். 5.3 லிட்டர் அதில் இல்லை. வருடத்தைவிட என்ஜினைப் பாருங்கள்.

ப்ளேனோவாசி எழுதியது:

இரண்டு வாரம் கழித்து வருகிறேன். செல்வி அக்கா சொன்னபடி ஐந்து டீலருக்கு எழுதினேன், இரண்டு பேர் பதிலே போடவில்லை, ஒருவர் நேரில் வரச் சொன்னார், இரண்டு பேர் தாளில் அனுப்பினார்கள். பழைய வண்டியின் வசதிகளை எழுதிப் பார்த்தபோது எனக்கு வேண்டியது நடு ட்ரிம் என்று தெரிந்தது. முதலில் காட்டியதில் நான் கேட்காத பெரிய என்ஜினும் பின் சீட் வீடியோ திரைகளும் சேர்ந்துதான் அந்த 78 ஆயிரம். இப்போது பேசி முடித்தது 70,300, இரண்டாவது தாள் கிடையாது. பழைய டாஹோவுக்கு 14,500 கொடுக்கிறார்கள், ஆக 55,800க்கு வரி 3,487.50. பள்ளி நேரத்தில் போனதால் பிள்ளைகள் கூட வரவில்லை.

அப்பாவை மட்டும் கூட்டிப்போனேன். படியில் கால் வைத்து, கைப்பிடியைப் பிடித்து மெதுவாக ஏறி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார். முன் சீட்டுக்கும் முட்டிக்கும் நடுவில் கையை வைத்துப் பார்த்தேன், நாலு விரல் நுழைந்தது. "இப்படியே ஹூஸ்டன் போகலாம்டா" என்றார். சனிக்கிழமை வண்டியை எடுக்கிறோம்.