பின்வளவில் மீன் சுட எந்தக் கரி நல்லது?

நாவற்குழித் தம்பி:
நல்லூர்த் தீர்த்தம் முடிந்து வீட்டில் மீண்டும் மச்சம் (மீன், இறைச்சி) தொடங்கியதும், கனடாவிலிருந்து வந்திருக்கும் சித்தப்பா குடும்பத்துக்குப் பின்வளவில் மீனும் கோழியும் சுடுவதாக ஏற்பாடு. ஏறக்குறைய 20 பேர். இரும்புப் பீப்பாயை நெடுக்காக வெட்டி அடுப்பும் செய்தாயிற்று. கரியில்தான் குழப்பம். பளையில் தெரிந்த ஒருவர் சிரட்டைக் கரி சுடுகிறார். விறகுக் கரியும் மூட்டையாகக் கிடைக்கிறது. சுப்பர் மார்க்கெட்டில் அச்சில் வார்த்த கரிக்கட்டி இருக்கிறது. எதை வாங்க?

சிரட்டைப் பிரியன்:
யோசிக்கவே வேண்டாம் தம்பி, சிரட்டை. எங்கள் ஊர்ப் பத்தர்மார் பொன் உருக்கியது சிரட்டைக் கரியில்தான். பொன் உருக 1064 பாகை செல்சியஸ் வேண்டும். ஊதுகுழல் வைத்து அந்தச் சூட்டை எடுக்க முடிகிற கரிக்கு ஒரு மீனைச் சுடுவது பெரிய வேலையா? சாம்பலும் குறைவு. எல்லாவற்றுக்கும் மேலே, இதற்காக ஒரு மரமும் வெட்டுப்படுவதில்லை. துருவி முடித்தபின் எறியும் பொருள் அது.

வடமராட்சிக் காற்று:
பத்தரிடம் ஊதுகுழல் இருந்தது, தம்பியின் பீப்பாயில் அது இல்லையே. சிரட்டைக் கரி மெல்லிய, வளைந்த சில்லு. கொட்டியதும் அடுக்கி வைத்த கோப்பைகள் போல ஒன்றுக்குள் ஒன்று போய் உட்கார்ந்துவிடும். இடையில் காற்று ஓடாது. மேலே சிவந்திருக்கும், அடியில் கறுப்பாகவே கிடக்கும். சரி என்று விசிறினால் சாம்பல் பறந்து மீனில் ஒட்டும். பற்றிய பிறகோ கடகடவென்று எரிந்து அடங்கிவிடும். ஒரு கிலோ விளைமீன் முள்ளோடு ஒட்டிய சதைவரை வேக 20 நிமிடமாவது வேண்டும், கோழிக்கால் அதற்கும் மேலே. நடுவில் சூடு விழுந்தால் வெளியே கருகி உள்ளே இரத்தம் நிற்கும். முட்டி அளவு விறகுக் கரி என்றால் துண்டுகளுக்கிடையே தானாக இடைவெளி விழும், காற்று இழுக்கும், சூடு நின்று வரும்.

சிரட்டைப் பிரியன்:
நொறுங்கிய கரியை வாங்கினால் அப்படித்தான் நடக்கும். கால் சிரட்டை அளவுக்குக் குறையாத சில்லாகப் பொறுக்கி எடுங்கள். பீப்பாயின் அடியிலிருந்து நாலு விரல் உயரத்தில் ஒரு கம்பி வலையைப் போட்டு அதன் மேல் கரியைப் பரப்புங்கள், பக்கத்தில் துளை போடுங்கள். காற்று கீழேயிருந்து வரும், விசிறி தேவையில்லை.

இன்னொன்றும் கேட்கிறேன். மூட்டையில் வரும் விறகுக் கரி எந்த மரம் என்று யாருக்காவது தெரியுமா? வன்னிக் காட்டுப் பாலையும் வீரையுமாக இருந்தால்? பாலைப்பழம் தின்று வளர்ந்த நாங்கள் அந்த மரத்தை ஒரு பின்னேரச் சாப்பாட்டுக்கு எரிக்கக் கூடாது.

வடமராட்சிக் காற்று:
பாலையை எரிக்க நான் சொல்லவில்லை. காடு அழியக் கூடாது என்பதில் எனக்கும் உங்களுக்கும் சண்டை இல்லை. வளவில் கிளை தறித்த புளியும் சவுக்கும் கரியாகிறது. விற்பவரிடம் என்ன மரம் என்று கேட்டு வாங்கலாம். சொல்ல மறுத்தால் வாங்க வேண்டாம், அவ்வளவுதான்.

பனங்கூடல்:
ஊமலை ஒருவரும் சொல்லவில்லையே. பனங்கிழங்கு கிண்டியபின் மிஞ்சும் பனங்கொட்டைதான், பாத்தியோரம் குவிந்து கிடப்பது, ஆவணியில் நன்றாகக் காய்ந்திருக்கும். சிரட்டையைவிடத் தடிப்பு, அதனால் நின்று கனலும். காசும் இல்லை.

ஸ்காபரோ மருமகள்:
20 பேருக்கு என்றால் நான் கரிக்கட்டிக்குத்தான் கை தூக்குவேன். கரித்தூளை மாப்பசை சேர்த்து அமுக்கிச் செய்வது. அமெரிக்காவில் 1920களில் போர்ட் கார் நிறுவனம் மரக்கழிவிலிருந்து இதைச் செய்து விற்றது. எல்லாக் கட்டியும் ஒரே அளவு என்பதால் சூடும் ஒரே அளவில் நிற்கும். ஒரு பக்கம் குவித்து மறுபக்கம் வெறுமையாக விட்டால், கோழியை முதலில் வெறும் பக்கத்தில் மூடி வேகவைத்துவிட்டுக் கடைசியில் சூட்டுப் பக்கம் இழுக்கலாம். தீக்குச்சி கிழித்ததும் பற்றும் என்று விற்பதை மட்டும் தொடாதீர்கள், அதில் எரிதிரவம் ஊறியிருக்கும்.

வடமராட்சிக் காற்று:
கோழியைப் பற்றிச் சொன்னது சரி அக்கா, விறகுக் கரியிலும் அதையே செய்யலாம். கட்டியில் சாம்பல் கூடுதல். 20 பேருக்குச் சுட்டு முடியுமுன் அடித்துளை அடைத்துவிடும்.

ஆனைக்கோட்டை அன்ரி:
எல்லோரும் கரியைப் பற்றியே பேசுகிறீர்கள், பிள்ளைகள் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்துவதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. எந்தக் கரி வாங்கினாலும் அந்த மணம் சாப்பாட்டைக் கெடுத்துவிடும். பன்னாடையும் காய்ந்த தென்னம்பாளையும் போதும். பெரிய பால்மா ரின்னின் இரண்டு பக்கத்தையும் வெட்டி, அடியோரம் துளை போட்டு, கீழே பன்னாடை, மேலே கரி என்று நிரப்பிக் கொளுத்துங்கள். புகை அடங்கி மேலே சாம்பல் பூத்த பிறகே மீனை வையுங்கள்.

நன்றாகக் கனன்ற கரிக்குப் பெரிய மணம் கிடையாது. நாங்கள் ருசிக்கிற மணம், கோழிக் கொழுப்பும் தடவிய மசாலாவும் தணலில் சொட்டி எழும் புகைதான். ஆகவே ருசியை வைத்துக் கரி தேட வேண்டாம், சூட்டை வைத்துத் தேடுங்கள். கணவாய், றால் இரண்டுக்கும் சுள்ளென்ற சூடு சில நிமிடம் போதும், நேரமானால் றப்பர் ஆகிவிடும். அதற்குச் சிரட்டையை மிஞ்ச ஒன்றுமில்லை. முழு மீனுக்கு வடமராட்சித் தம்பி சொன்னதே சரி.

அப்புறம், பழைய யன்னல் கதவைக் கொத்தி எரிக்காதீர்கள், பெயின்றில் ஈயம் இருக்கலாம். அலரிக் கட்டை நஞ்சு. பீப்பாயிலும் பெயின்ற் இருந்தால் முதல் நாளே வெறும் விறகு போட்டு எரித்துவிடுங்கள். மழை தூறினால் அடுப்பை விறாந்தைக்குள் இழுக்கவே கூடாது. கரி எரியும்போது வரும் காபனோரொட்சைட்டுக்கு மணமே இல்லை, மூடிய இடத்தில் ஆளைக் கொன்றுவிடும்.

நாவற்குழித் தம்பி:
நன்றி அன்ரி. அப்போ கோழிக்கும் விளைமீனுக்கும் புளியங்கரி, கணவாய்க்கும் றாலுக்கும் பளைச் சிரட்டை. ஊமல் கிடைத்தால் கோழிப் பக்கம் சேர்க்கிறேன்.

சிரட்டைப் பிரியன்:
கோழிக்கும் சிரட்டை போதும், இடையிடையே ஒரு கை போட்டுக்கொண்டிருந்தால் சரி. நான் இன்னும் மாறவில்லை.

வடமராட்சிக் காற்று:
20 பேருக்குச் சுடும்போது அந்த ஒரு கையைப் போட ஆள் வேண்டும், அதைத்தான் நான் முதலிலிருந்து சொல்கிறேன். தம்பி, எதை வாங்கினாலும் ஒரு துண்டை முறித்துப் பாருங்கள். கணீரென்று முறிந்து உள்ளே கறுப்பாக மினுங்க வேண்டும். மண்ணிறமாக இருந்தால் அரைவேக்காட்டுக் கரி, புகையும். ஈரம் பட்டது வெடித்துப் பொறி பறக்கும், பிள்ளைகள் பக்கத்தில் நிற்பார்கள். மூட்டையின் அடிவரை கையை விட்டுத் தூள் எவ்வளவு என்றும் பாருங்கள், காசு கொடுப்பதற்கு முன்பே.