கவாத்து முடிந்த பிறகு பேட்டரி ரம்பத்தை எப்படி வைக்கிறீர்கள்?

காவேரிப்பட்டினத்திலிருந்து:
எங்கள் தோப்பில் பெங்களூரா மாமரங்களே அதிகம். அறுவடைக்குப் பின் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்யப் பேட்டரியில் ஓடும் சங்கிலி ரம்பம் வாங்கினேன். ஆண்டுக்குப் பத்து நாள் வேலை. மற்ற நாளெல்லாம் மோட்டார் கொட்டகையில் கிடக்கும். கிடந்த நாட்களில்தான் அது கெட்டது.

முதல் ஆண்டு பேட்டரியை முழுதாகச் சார்ஜ் ஏற்றி, ரம்பத்திலேயே மாட்டி, தகரக் கூரையின் கீழ் வைத்துவிட்டேன். மறு ஆண்டு, நான்கு மரம் தாங்கிய பேட்டரி இரண்டு மரத்திலேயே ஓய்ந்தது. லித்தியம் அயன் பேட்டரிக்கு முழுச் சார்ஜும் சூடும் சேர்ந்தால் ஆகாது. சித்திரையில் தகரக் கொட்டகை எப்படிக் காயும் என்பது நமக்குத் தெரியும். சங்கிலிக்கு விடும் எண்ணெயும் ரம்பத்தின் தொட்டியிலிருந்து கசிந்து, மாம்பாலோடும் மரத்தூளோடும் கலந்து இறுகி, சங்கிலி நகரவே இல்லை.

இவையெல்லாம் பண நட்டம். அந்த ஆண்டு நடந்த இன்னொன்றை மறக்க முடியாது. மதியச் சாப்பாட்டுக்கு வந்தபோது பேட்டரியைக் கழற்றாமல் ரம்பத்தைத் திண்ணையில் வைத்தேன். தம்பியின் ஒன்பது வயது மகன் அதைத் தூக்கி, பூட்டுப் பொத்தானையும் விசையையும் சேர்த்து அழுத்திவிட்டான். பெட்ரோல் ரம்பம் என்றால் கயிற்றை இழுத்து முடுக்க வேண்டும். இதற்கு இரண்டு விரல் போதும். பயந்து கீழே போட்டதும் நின்றுவிட்டது. பக்கத்திலிருந்த நெல்மூட்டை கிழிந்திருந்தது. பிள்ளைக்கு ஒரு கீறலும் இல்லை.

இப்போது ரம்பத்தைக் கீழே வைத்தால் பேட்டரி என் கையில் இருக்கும். கவாத்து முடிந்ததும் தொட்டியைக் காலி செய்து, சங்கிலிக்கு உறை போட்டு, உயரத்தில் பூட்டி வைக்கிறேன். பேட்டரி மட்டும் பாதிச் சார்ஜோடு ஓட்டு வீட்டின் உள்ளறையில் இருக்கிறது.

பாலக்கோட்டிலிருந்து:
அண்ணா, சங்கிலியின் இறுக்கத்தையும் கவனியுங்கள். வேலையில் சூடாகிச் சங்கிலி நீளும். அப்போது இறுக்கினால், ஆறியதும் சுருங்கி, அது சுற்றி ஓடும் தகட்டைக் கவ்விக்கொள்ளும். நான் மாலையில் தளர்த்திவிட்டுத்தான் வைப்பேன்.

பென்னாகரத்திலிருந்து:
புளியங்கிளை அறுக்கும்போது செதிலாக விழாமல் மாவுபோல் தூள் விழுந்தது. பல் மழுங்கியது தெரியாமல் நான் அழுத்தி அறுத்தேன். மோட்டார் சூடேறி நின்றது. இப்போது பேட்டரியைக் கழற்றிவிட்டு உருண்டை அரத்தால் ஒரே திசையில், ஒவ்வொரு பல்லுக்கும் ஒரே எண்ணிக்கையில் தீட்டுகிறேன். தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவதில்லை. தகட்டின் பள்ளத்தைத் தூரிகையால் சுரண்டி எடுக்கிறேன். என் பழைய பேட்டரி சற்று உப்பியிருக்கிறது, இன்னும் சார்ஜ் ஏறுகிறது. பயன்படுத்தலாமா?

காவேரிப்பட்டினத்திலிருந்து:
வேண்டாம் தம்பி. உப்பியதைச் சார்ஜரில் மாட்டவே மாட்டாதீர்கள், தீப்பிடிக்கலாம். வைக்கோலுக்கு அருகில் இருந்தால் இன்றே அப்புறப்படுத்துங்கள். குப்பையில் எறியாமல், மின்கழிவு வாங்குவோரிடம் கொடுத்துவிடுங்கள்.