கிலிம் பெய்ஜில் ரோஸ் அடிக்கிறதா, இல்லையா?

செங்காங்_செல்வி:
நேற்று இங்கே ஒருவர், "ஷெர்வின் வில்லியம்ஸ் கம்பெனி பெயிண்டில் அக்செசிபிள் பெய்ஜ், கிலிம் பெய்ஜ் என்ற வெளிர் பழுப்பு ரெண்டும் ஒண்ணுதான், கண்ணை மூடிக்கிட்டு எதையாவது அடிங்க" என்று எழுதியிருந்தார். கண்ணை மூடிக்கொண்டால் ஒன்றுதான், சரி. நான் திறந்துகொண்டு பார்த்தேன். நாலறை வீட்டுக் கூடத்தில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒரு முழம் அடித்தேன். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேற்கு வெயில் விழும்போது கிலிமில் ரோஸ் சாயல் அடிக்கிறது. அக்செசிபிள் சாம்பல் பூசினாற்போல் நிற்கிறது. இரண்டு படம் போட்டிருக்கிறேன், பாருங்கள்.

பூன்லே_பாண்டியன்:
அந்த "ஒருவர்" நான்தான். பெயர் சொல்லியே திட்டலாம். எல்ஆர்வி ஒன்றுக்கு 58, இன்னொன்றுக்கு 57. ஒரே ஒரு புள்ளி! அதற்குள் ரோஸைக் கண்டுபிடித்த கண்ணுக்கு ஒரு கும்பிடு.

செங்காங்_செல்வி:
கும்பிட்டாலும் ரோஸ் அடிக்கிறது.

யீஷூன்_குமார்:
அண்ணே, எல்ஆர்வி என்பது சுவர் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பித் தருகிறது என்ற கணக்கு. கறுப்புக்கு 0, வெள்ளைக்கு 100. பச்சைக்கும் 58 வரலாம். முதலில் "ஒண்ணுதான்" என்றால் என்னவென்று...

பூன்லே_பாண்டியன்:
வாத்தியார் வந்துட்டார். தம்பி, டியூஷன் அப்புறம். ரோஸ் எங்கே? அக்கா போட்ட படத்தில் 3000கே மஞ்சள் பல்பு எரிகிறது. அதன் கீழே இட்லிகூட ரோஸாகத்தான் தெரியும்.

செங்காங்_செல்வி:
அது இரண்டாவது படம். முதல் படத்தில் பல்பே இல்லை. ரோஸ் இருக்கிறது.

தெம்பனிஸ்_மீனா:
இரண்டுமே அமெரிக்க நிறம். இங்கே சிங்கப்பூர்க் கடையில் வேறு கம்பெனி பெயிண்டில் கலந்து தந்தால் அச்சு அசலாக வராது. சாமி மாடத்துப் பக்கம் ஊதுபத்திப் புகை பட்டால் ஆறு மாதத்தில் எல்லாம் ஒரே நிறம்.

செங்காங்_செல்வி:
என் வீட்டுச் சாமி மாடத்தை யார் கேட்டது? வாரா வாரம் துடைக்கிறேன். துடைக்காதவர்களுக்கு ஆறு மாதம்.

தெம்பனிஸ்_மீனா:
பொதுவாகச் சொன்னேன்மா. எண்ணெய்ச் சட்டியில் விழுந்த கடுகு மாதிரி ஏன்?

பூன்லே_பாண்டியன்:
போன தீபாவளிக்கு வாசனையே இல்லாத பெயிண்டில் வாசனை வருகிறது என்று மூன்று நாள் மல்லுக்கு நின்றவரும் இவர்தானே?

செங்காங்_செல்வி:
வந்தது. இப்போது ரோஸ் அடிக்கிறது. வெள்ளிக்கிழமை பெயிண்டர் வருகிறார். நாளை ஐந்து மணிக்கு நேரில் வாங்க, டீ போட்டுத் தருகிறேன்.

பூன்லே_பாண்டியன்:
ஒரு முழம் சுவரைப் பார்க்கத் தீவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கா? நாளை மழை வேறு.

செங்காங்_செல்வி:
மழையிலும் அடிக்கும்.

பூன்லே_பாண்டியன்:
அப்போ மேற்கு வெயிலில் என்று சொன்னது யார்?